முன்வரிசை

பாஸ்டன் மாரத்தானில் 2004 முதல் முன்னணி வீராங்கனைகளுக்குத் தனிப் புறப்பாடு. ஆண்கள் கூட்டத்தில் மறையாமல் பெண்களின் போட்டி தனியாகத் தெரியட்டும் என்று நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு. 2018இல் மழையும் எதிர்காற்றும் முன்னணியினர் பலரைப் பாதியிலேயே நிறுத்திவிட்டன. இரண்டாவதாக வந்தவர் சாரா செல்லர்ஸ், முழுநேரச் செவிலியர். முன்வரிசையில் புறப்பட்டவர்; 75,000 டாலர் பரிசு. ஜெசிகா சிசெஸ்டரும் செவிலியர்தான். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்துப் பொதுக்கூட்டத்தோடு புறப்பட்டார். கடிகாரக் கணக்கில் பெண்களில் ஐந்தாமிடம். பரிசில்லை என்றார்கள்.

ஆண்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர்களில் முன்னணியினரும் முதல் அலையினரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். கண்டனம் எழுந்த பிறகே சிசெஸ்டருக்கும் ஐந்தாமிடத்துக்குரிய தொகை கிடைத்தது. விதியின் பக்கமும் நியாயம் உண்டு: பின்னால் வந்தவருக்குக் காற்றை மறைக்க நூறு ஆண் முதுகுகள் இருந்தன, முன்னால் போனவர்களுக்கு இல்லை.

ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளியின் மகள், என் பழைய மாணவி, டிரையத்லான் விண்ணப்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைத் தேடி வந்தபோது இதைத்தான் சொன்னேன். எலைட்டா, வயதுப்பிரிவா என்று அவள் குறிக்க வேண்டும். எலைட்டுக்கான நேரத்தகுதி அவளிடம் இருக்கிறது. "வயதுப்பிரிவுன்னா மெடலாவது கைக்கு வரும்னு அம்மா சொல்றாங்க, மேம். எலைட்ல நின்னா திமிருன்னு சொல்லுவாங்க."

திமிர் என்ற சொல் எனக்குப் பழக்கமானது. கவியரங்க மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்த பெண் கவிஞர் யாரும் அதைக் கேட்காமல் எழுந்ததில்லை. ஆண்டாள் மாலையைச் சூடிப் பார்த்ததும் பெரியாழ்வார் கடிந்துகொண்டதாகத்தானே கதை? பெருமாள் அதையே விரும்பிக் கேட்ட பிறகுதான் அது பக்தி, அதுவரை அத்துமீறல். முடிவு வந்த பிறகு தகுதியை ஒப்புக்கொள்வது உலகத்துக்கு எளிது. புறப்படும் கோட்டில் அதை நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. அவள் பின்வரிசைக்குப் போனால் அங்கே யாருடைய இடம் போகும்? சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கிடைத்த முக்கால் மணி நேரத்தில் ஓடிப் பழகிய ஒருத்தி அங்கே நிற்பாள். வயதுப்பிரிவு அவளுக்காக இருப்பது. பலமுள்ளவள் அங்கே போய் நிற்பதை நாம் அடக்கம் என்கிறோம். அந்த அடக்கத்துக்கு இன்னொரு பெண் விலை கொடுக்கிறாள். நல்ல பெண்ணாக இருக்க நம்மைப் பழக்கியவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை.

பயமும் வெறும் பயமல்ல. ஒலிம்பிக் பாணி எலைட் போட்டியில் ஒருவர் பின் ஒருவர் ஒட்டிச் சைக்கிள் ஓட்டலாம். கூட்டத்தை விட்டவள் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். முன்னால் போனவர்கள் ஒரு சுற்று கடந்து வந்து எட்டிப் பிடித்துவிட்டால் பாதியிலேயே வெளியேற்றிவிடுவார்கள். வயதுப்பிரிவில் பெரும்பாலும் ஒட்டி ஓட்டவே கூடாது. அவரவர் கால், அவரவர் காற்று. அவள் பழகியதெல்லாம் இந்தத் தனி ஓட்டம்தான்.

"வெளியேத்திட்டா?"

"வெளியே வந்துரு. எலைட்டைக் குறி."

குறித்தாள். கூட்டத்தில் ஒட்டி ஓட்டிப் பழக இன்னும் நாலு பெண்கள் வேண்டுமே என்றாள். ராஜபாளையம் சாலையில் லாரிகள் பெருகுமுன், விடிகாலை நாலரைக்குச் சைக்கிளோடு வரக்கூடியவர்கள் யார் யார் என்று இருவரும் பெயர்களை எழுதத் தொடங்கினோம். இரண்டு பெயர் தேறியது.