விற்பவன் அறிந்ததும் ஐயுற்றதும்

பகவான் புத்தர் உபாசகர்களுக்கு விலக்கிய வாணிபங்கள் ஐந்து என்று அங்குத்தர நிகாயம் கூறும். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு என்பன அவை. இவற்றுள் ஆயுதம் முதலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. வாளை வாளென்று யாவரும் அறிவர். அதனை விற்காதிருத்தல் எளிது. ஆனால் ஒரே பொருள் வீட்டிற்கு விளக்கேற்றவும் ஊரை எரிக்கவும் உதவுமாயின், அதனை விற்கும் உபாசகன் செய்யத்தக்கது யாது?

அணுசக்தித் துறையில் இவ்வினா மிகக் கடுமையாக எழுகின்றது. உலகின் பெரும்பாலான மின் உலைகளுக்கு யுரேனியம் 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டப்பட்டிருந்தால் போதும். வெடிகுண்டுக்கு ஏறத்தாழ 90 சதவீதம் வேண்டும். இரண்டையும் செய்து தருவது ஒரே வகைச் சுழல் யந்திரமே.

நம் தேசத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1956ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கனடா அளித்த ஆராய்ச்சி உலை 1960இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிற்று. அதற்குரிய கனநீரை அமெரிக்கா தந்தது. சமாதான காரியங்களுக்கே பயன்படும் என்பது நாம் கொடுத்த வாக்கு. அவ்வுலையில் விளைந்த புளூட்டோனியத்தைக் கொண்டு 1974 மே 18ஆம் நாள் பொக்ரானில் சோதனை நடந்தது. அது சமாதான வெடிப்பே என்றது நம் அரசு. கனடா அதனை ஏற்காது தன் அணு உதவியை நிறுத்திற்று. அச்சோதனைக்கு வழங்கிய மறைபெயர் "புன்னகைக்கும் புத்தர்" என்பதாம். அப்பெயரைத் தேர்ந்தவர்கள் திரிபிடகத்தின் எப்பகுதியைப் படித்தனரோ!

இதன் பின்னரே விற்கும் தேசங்கள் 1975இல் லண்டனில் கூடின. 1978இல் ஏற்றுமதி விதிகளை வெளியிட்டன. அணுப்பொருள் வழங்குவோர் குழு எனப்படும் அவ்வமைப்பில் இன்று 48 நாடுகள் உள்ளன. ஈராக்கின் மறைவான முயற்சிகள் வெளிப்பட்ட பின், 1992இல், பிற தொழில்களுக்கும் பயன்படும் பொருள்களுக்கெனத் தனிப்பட்டியல் ஒன்றும் எழுந்தது.

ஆயினும் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் மனத்தின் வேலையைச் செய்யாது. 2003இல் லிபியாவுக்குச் சென்ற கப்பலொன்றில் சுழல் யந்திர உறுப்புகள் பிடிபட்டன. அவை மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் கடையப்பட்டவை. எண்ணெய்த் தொழிலுக்கென்றே தாங்கள் எண்ணியதாக அத்தொழிற்சாலையார் கூறினர். அவற்றைத் தருவித்த வலையின் நடுவே இருந்த பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதிர் கான், அணு நுட்பத்தைப் பிற தேசங்களுக்குக் கைமாற்றியதை 2004இல் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

சேதனையே கம்மம் என்பது நம் தம்மம். அவ்வாறாயின், எண்ணெய்க்கென்று எண்ணிக் கடைந்த தொழிலாளிக்குக் கொலையின் கம்மம் இல்லை. ஆனால் விற்ற முதலாளிக்கு? இங்கே பிக்குகளின் உணவு பற்றிய விதி வழிகாட்டுகின்றது. தனக்கெனக் கொல்லப்பட்டதென்று கண்டாலும், கேட்டாலும், ஐயுற்றாலும் அவ்விறைச்சியைப் பிக்கு ஏற்கலாகாது. வியப்பு யாதெனில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்றுமதிச் சட்டமும் இம்மூன்றனை ஒத்தே நிற்கின்றது. பட்டியலில் இல்லாத பொருளாயினும், அது பேரழிவு ஆயுதத்திற்குச் செல்வதை விற்பவன் தானே அறிந்திருந்தாலும், அரசு அவனுக்கு அறிவித்திருந்தாலும் தடை எழும். ஐயுற இடமிருந்தாலே போதும் என உறுப்பு நாடுகள் விதிக்கவும் செய்யலாம். ஐயத்தை மூன்றாவதாக வைத்ததிலேதான் நுட்பம் உள்ளது. அறியேன் என்பவன் பலகால் அறிய விரும்பாதவனே. வாங்குபவன் விலையைப் பேரம் பேசாது கொடுக்கிறான். எதற்கென்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அப்போதும் கேளாதிருப்பது மோகமன்று, லோபமே.

குண்டுகளைக் குவித்து வைத்திருப்போரே பிறர்க்குக் கொடாதீர் என்பது நியாயமா என்று கேட்பார் உண்டு. நியாயமன்று. 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 6ஆம் பிரிவில், ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவதாக அவர்கள் ஏற்ற கடமை இன்னும் நிறைவேறவில்லை. ஆயினும் கள் குடிப்பவன் சொன்னதால் கள் நன்மையாகிவிடாது. அவன் குற்றம் அவனது. நஞ்சைக் கைமாற்றினால் வருவது கைமாற்றியவனது.

நமக்கும் ஒரு சங்கடம் உண்டு. அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிடாத இந்தியாவிற்கு, 2008 செப்டம்பரில் அக்குழு விலக்கு அளித்தது. எந்தத் தேசத்தின் செயலால் அக்குழு பிறந்ததோ, அத்தேசமே இன்று உறுப்புரிமை கேட்டு அதன் வாயிலில் நிற்கின்றது. 2005இல் நாமும் பேரழிவு ஆயுதப் பொருள்களின் ஏற்றுமதியைத் தடுக்கச் சட்டம் இயற்றினோம். வாங்கியபோது நாம் சொன்ன விடையையே நம்மிடம் வாங்க வருபவன் சொன்னால், நாம் அவனை நம்புவோமா?