செய்தல், செய்வித்தல், உடன்படுதல்: வண்டி வாங்குபவரின் வினைப்பங்கு

எந்த வண்டியை ஓட்டுவது என்பது அறத்தைச் சார்ந்த கேள்வியா, வெறும் வசதியைச் சார்ந்ததா? 2002இல் அமெரிக்காவின் சுவிசேஷ கிறித்தவச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று, ‘இயேசு எந்த வண்டியை ஓட்டுவார்?’ என்று கேட்டுப் பிரசாரம் செய்தது. எரிபொருளை அள்ளிக் குடிக்கும் பெரிய கார்களை வாங்குவது அயலாரை நேசிக்கச் சொன்ன கட்டளைக்கு முரணானது என்பது அதன் வாதம். பலர் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் கேள்வி மறையவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து மெய்யியலாளர் வால்டர் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் இதற்கு நேரெதிரான விடையைத் தந்தார். ஞாயிறு பிற்பகலில் வேலை ஏதுமின்றி, பொழுதுபோக்காகவே பெரிய பெட்ரோல் காரை ஓட்டிச் செல்லும் ஒருவரை அவர் கற்பனை செய்தார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆனாலும் அந்த ஒரு பயணத்தால் எந்த ஊரிலும் வெள்ளம் கூடப்போவதில்லை. எந்த வயலும் கூடுதலாகக் காயப்போவதில்லை. அப்பயணம் தவறு என்று நிறுவ எந்த அறக்கோட்பாடும் போதவில்லை என்று முடித்த அவர், கடமையை அரசுகளின்மேல் ஏற்றினார். அரசைச் செய்யவைப்பதுதான் தனிமனிதரின் வேலை என்றார். மின்வண்டிக்கு மாறத் தயங்கும் பலர் ‘நான் ஒருத்தன் மாறினா என்ன ஆகிடப்போகுது’ என்று சொல்வதும் இதே வாதந்தான். அவர்கள் சொல்வதை அவர் தர்க்கமாக்கினார், அவ்வளவே.

இதற்கு மறுப்பு முன்பே எழுதப்பட்டிருந்தது. மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஆயிரம் பேர் வதைக்கப்படுகிறார்கள். வதைப்பவர்களும் ஆயிரம் பேர். ஒவ்வொருவரும் அழுத்தும் பொத்தான் எல்லோருடைய வலியையும் உணரமுடியாத அளவே கூட்டுகிறது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்தபின் வலி தாங்க முடியாததாகிறது. ‘என் பங்கு தெரியவே இல்லையே’ என்று எல்லோரும் தப்பித்துக்கொண்டால் வதை நடந்தது யாரால்? 2011இல் மற்றொரு மெய்யியலாளர் ஜான் நோல்ட் கணக்கை வேறு வகையில் போட்டார். சராசரி அமெரிக்கர் ஒருவர் தம் வாழ்நாளில் வெளியிடும் வாயுக்கள் வருங்காலத்தில் ஓரிருவருக்குக் கடுந்துன்பத்தையோ சாவையோ தரும் என்பது அவருடைய மதிப்பீடு. அந்த எண் தோராயமானதே. ஆனால் பயணத்தை விட்டு ஆயுளை அலகாகக் கொண்டால் ‘ஒன்றுமில்லை’ என்பது ‘ஒருவர்’ ஆகிவிடுகிறது என்பதை அது காட்டிவிட்டது.

மின்வண்டி வந்ததும் கேள்வியின் வடிவமே மாறுகிறது. இதைப் பிரித்துப் பார்க்கச் சமணத்தின் பழைய பகுப்பு உதவுகிறது. ஒரு வினையில் மனிதருக்குள்ள பங்கை அது மூன்றாக வகுக்கும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். பெட்ரோல் வண்டி ஓட்டுபவர் புகையைத் தாமே வெளியிடுகிறார். மின்வண்டி ஓட்டுபவரின் வண்டியில் புகைக்குழாயே இல்லை. ஆனால் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. பேட்டரிக்காக எங்கோ சுரங்கம் தோண்டப்படுகிறது. செய்பவர் என்ற இடத்திலிருந்து அவர் செய்விப்பவர் என்ற இடத்துக்கு நகர்கிறார். ‘சுத்தமான வண்டி’ என்னும் விளம்பரம் இந்த நகர்வைச் சொல்வதில்லை.

செய்விப்பவருக்குப் பங்கு உண்டா என்பதைத் தமிழ் மரபு புலால் உண்ணலை முன்வைத்து நெடுங்காலம் விவாதித்திருக்கிறது. உண்பதற்காக உலகம் ஊனைக் கொள்ளாவிட்டால் விற்பாரும் இல்லை என்பது திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வரும் வாதம். உரையாசிரியர் பரிமேலழகர் அங்கே எதிராளி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கொலை முன்னே நடந்துவிட்டது, உண்பது பின்னே நடப்பது. பின்னது முன்னதற்குக் காரணமாகாது, ஆகவே உண்பவருக்குப் பாவமில்லை என்பது அந்த எதிராளியின் கட்சி. கொள்வார் இல்லாத இடத்தில் விற்பதற்கென்று கொல்வார் இருக்க முடியாது என்பதைக் கொண்டு, அருத்தாபத்தி அளவையால் உண்பதே காரணமென்று குறள் நிறுவுவதாக உரை விளக்குகிறது. பொருளியல் நூல்கள் தேவை, அளிப்பு என்று பேசுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அடுத்த கொலைக்கான காரணம் இன்றைய வாங்கலில் இருப்பதை உரையாசிரியர் கண்டுகொண்டார். பௌத்த விதி சற்று நெகிழ்வானது. தனக்காகக் கொல்லப்பட்டதைத் துறவி காணவோ கேட்கவோ ஐயுறவோ இல்லையென்றால் அந்த ஊனை ஏற்கலாம். நீலகேசி போன்ற சமண நூல்கள் பௌத்தரின் ஊனுணவைச் சாடியதன் பின்னணி இதுதான்.

மின்வண்டிப் பேட்டரிகளில் பயன்படும் கோபால்ட் விஷயத்தில் இந்த இரு நிலைகளும் உயிரோடு எழுந்து நிற்கின்றன. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிடைக்கிறது. அங்கே கையால் தோண்டப்படும் சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் உழைப்பதை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் அறிக்கையாக வெளியிட்டது. அதன்பின் ‘காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவில்லை’ என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. இதைக் காட்டிப் பெட்ரோல் வண்டியே மேல் என்பவர்கள் உண்டு. எண்ணெய்க் கிணறுகளின் வரலாற்றை மறந்தால்தான் அந்த வாதம் நிற்கும். இறையியலாளர் அல்போன்ஸ் லிகோரியின் காலந்தொட்டுக் கத்தோலிக்க ஒழுக்கவியல் கைக்கொள்ளும் வேறுபாடு இங்கே பயன்படும். தீமையை விரும்பித் துணைபோவது ஒன்று. விரும்பாமல், தொலைவிலிருந்து துணையாக நேர்வது மற்றொன்று. பின்னதைத் தகுந்த காரணம் இருந்தால் பொறுக்கலாம். கோபால்ட்டே தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் சந்தையில் பரவியிருப்பதால், பொறுக்கத்தக்கது எது என்பதன் எல்லை இப்போது குறுகிவிட்டது.

வாங்குபவரின் நோக்கம் முக்கியமா என்னும் கேள்வி இதைவிட எளிதானது. 2024இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். 1990 முதல் படிப்படியாக அளிக்கப்பட்ட வரிவிலக்குகள்தான் அதற்கு முதன்மைக் காரணம். மக்கள் திடீரென அறவோர் ஆகிவிடவில்லை. இலாபம் கருதி நேர்மையாக விற்கும் கடைக்காரரிடம் அறமதிப்பு இல்லை என்றார் கான்ட். அந்த அளவுகோலில் நார்வே வாங்குநர்கள் தேறமாட்டார்கள். ஆனால் காற்றுக்கு வாங்குநரின் மனம் தெரியாது. விளைவே கேள்வியாக இருக்கும் இடத்தில் கான்ட்டின் அளவுகோல் பொருந்தாது.

மூன்றாவது பங்கான உடன்படுதல்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. அதே நார்வே எண்ணெயையும் எரிவாயுவையும் உலகுக்கு விற்கிறது. ஃபோசன் பகுதியில் எழுந்த காற்றாலைகள் சாமி பழங்குடியினரின் கலைமான் மேய்ச்சல் உரிமையை மீறுவதாக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உரிமம் செல்லாது என்று ஆனபின்னும் காற்றாலைகள் சுழன்றுகொண்டேயிருந்தன. அம்மின்சாரத்தால் ஓடிய காரின் உரிமையாளர் எதையும் செய்யவில்லை, நேராகச் செய்விக்கவும் இல்லை; பசுமையின் பேரில் நடந்ததற்கு உடன்பட்டிருந்தார்.

இந்தியாவில் இந்தப் பங்கு இன்னும் கனமானது. தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு ஆய்வுக்குழு 2021இல் நடுத்தர அளவுக் கார்களின் முழு ஆயுளுக்கும் கணக்கிட்டது. பெட்ரோல் காரைவிட மின்காரின் உமிழ்வு ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதமும், இந்தியாவில் 19 முதல் 34 சதவீதமும் குறைவு. இந்த இடைவெளிக்கு முதன்மைக் காரணம் நிலக்கரி. எந்த வாங்குநரும் தம் தெரிவால் மட்டும் அதைக் குறைக்க முடியாது. மின்வாரியமும் அரசும் எதைக் கட்டுகின்றன, யாருடைய நிலத்தில் கட்டுகின்றன என்பதே அதைத் தீர்மானிக்கும். சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் தனிமனிதரை முற்றாக விடுவித்தது தவறு. மிகப்பெரிய பங்கு அரசை நோக்கிய கேள்வியில் இருக்கிறது என்றது சரி. மின்வண்டி வாங்கியதோடு கடமை முடிந்ததென்று கருதுபவர் முதல் பங்கை மட்டுமே கழித்திருக்கிறார்.