எண் மாறாத எஞ்சின்

பழுது என்பது பொருளோடு பிறந்ததா, அல்லது அதன்மேல் வந்து உட்கார்ந்ததா என்ற கேள்வி எனக்குப் புத்தகங்களிலிருந்து வரவில்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, பழைய போர்ஷே எஞ்சின்களைப் பிரித்துக் கட்டும் ஒரு பட்டறையில் சில வருஷங்கள் கணக்கெழுதினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, இன்றும் தெரியாது. எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள், எத்தனை மணி நேரம் என்று மெக்கானிக்குகள் சொல்லச் சொல்ல எழுதி பில்லாக்கித் தருவது என் வேலை. வார்த்தைகளுக்கு நான் பொறுப்பு. அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

அதிகம் வந்தவை 930 டர்போ கார்கள். 1974இல் பாரீஸ் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டு 1989 வரை தயாரானவை. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்திருக்கும். விசிறியின் காற்றும் சுற்றியோடும் எண்ணெயும்தான் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். டர்போ என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் நண்பர்களில் பாதிப்பேருக்கு சைக்கிளே தகராறு. வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. விட்ட மூச்சைக் கொண்டே அடுத்த மூச்சை இழுப்பது. ஆனால் அமுக்கிய காற்று சூடேறும். பெட்ரோல் தன் வேளைக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தின்றுவிடும். அதற்குப் பயந்து எஞ்சினின் சொந்த அமுக்க விகிதத்தைத் தாழ்த்தி வைத்தார்கள். முதலில் வந்த 3.0 லிட்டரில் 6.5, 1978 மாடலாக வந்த 3.3 லிட்டரில் 7. ஆகவே சக்கரம் வேகம் பிடிக்கும்வரை எஞ்சின் மந்தம். காலை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லாம் ஒரேயடியாக நடக்கும்.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காரின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது எஞ்சின். வளைவின் நடுவில் வேகம் திடீரென்று வந்து சேர, ஓட்டுகிறவன் பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் சாய்ந்து வால் வீசிவிடும். விதவையாக்கி என்று இதற்கொரு பட்டப்பெயர் உண்டு. பழகியவர்களோ வளைவு முடியுமுன்பே, வேகம் வேண்டாத இடத்திலேயே, காலை அழுத்தக் கற்றிருந்தார்கள். இன்னும் வராத ஒன்றை நம்பி இப்போதே காரியம் செய்வது. இந்த ஞானம் யந்திரத்தின் குறையிலிருந்து பிறந்தது. குறை போனால் ஞானமும் போகும். யாரோ சாவதைவிட அது மேலானதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அழகுக்காக ஆபத்தைப் பாதுகாக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்டியரிங்கின் பின்னால் உட்காராதவர்கள். நானும் அந்த ஜாதிதான்.

ஒரு நாள் 1979ஆம் வருஷத்து 3.3 ஒன்று வந்தது. தகப்பனார் புதிதாக வாங்கியது. அவர் இறந்தபின் மகனிடம் வந்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது கீழ்வரிசையில் இரண்டு ஸ்டட்டுகள் முறிந்து கிடந்தன. கிராங்க்கேஸோடு சிலிண்டரையும் அதன் தலையையும் இறுக்கிப் பிடிக்கும் நீண்ட திருகாணிகள், சிலிண்டருக்கு நான்காக 24. சூட்டில் அலுமினியம் சாதாரண இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதனால் அலுமினியத்தோடு ஒத்து நீளும் திலாவார் என்ற விசேஷக் கலவையில் இவற்றைச் செய்தார்கள். மகா புத்திசாலித்தனம். அந்தக் கலவையே ஈரத்தில் அரித்து முறிந்தது. தலைமை மெக்கானிக் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. 24ஐயும் எறிந்துவிட்டு வேறு உலோகத்தில் போட்டார். செய்தவர்களின் உத்தேசம் பிடித்துக்கொள்வது; இது பிடித்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரிப் பழுதில் தர்மசங்கடம் எதுவும் கிடையாது.

மகன் அதோடு நிற்கவில்லை. சிலிண்டரை 97 மில்லிமீட்டரிலிருந்து 98 ஆக்கி 3.4 லிட்டராக்க வேண்டும். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். உருளைக் குண்டுகளில் சுழலும் புதிய டர்போ. பழைய பெட்ரோல் அளவையைக் கழற்றிவிட்டு மின்னணு இன்ஜெக்ஷன். அந்தப் பழைய அளவை எனக்குப் பிடித்திருந்தது: உள்ளே வரும் காற்று ஒரு தட்டைத் தூக்க, தட்டு ஒரு தண்டை நகர்த்த, தண்டு பெட்ரோலைத் திறந்துவிடும். காற்று தனக்கு வேண்டியதைத் தானே அளந்துகொள்ளும். போகட்டும், பிடித்திருப்பது ஒரு வாதமாகாது.

மெக்கானிக்கின் வாதம் வலுவானது. இடைவெளி செய்தவர்களுக்கும் பிடிக்காதது என்றார் அவர். 1978இல் அவர்களே இன்டர்கூலர் வைத்து, 260 குதிரைச் சக்தியை 300 ஆக்கினார்கள். 1995இல் 993 டர்போவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறு டர்போக்கள் வைத்து இடைவெளியை ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள், 408 குதிரைச் சக்தி. காற்றால் குளிரும் 911கள் 1998இல் முடிந்துபோயின. அவர்கள் விரும்பியதும் கைக்கு எட்டாமல் போனதும் இதுதான். நாம் செய்து தருகிறோம்.

நான் வெகுநாள் இதை ஏற்றுக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. அவர்கள் பழைய காருக்குள் புகுந்து அதைச் செய்யவில்லை. வேறு கார் செய்தார்கள், வேறு எண் கொடுத்தார்கள். 930 தன் தாமதத்தோடு 930 ஆகவே நின்றது. செய்தவனின் ஆசையைச் சொல்லி அவன் செய்த காரியத்தை அழிக்கும் உரிமையை நாம் எடுத்துக்கொள்கிறோம், அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

மாற்றக் கூடாது என்பதல்ல என் கட்சி. கிராங்க்கேஸில் எஞ்சினின் எண் பொறித்திருக்கும். அந்த எண் தொழிற்சாலை ஏட்டோடு பொருந்தினால் சந்தையில் அது அசல். பிஸ்டன், சிலிண்டர், டர்போ, பெட்ரோல் அளவை எல்லாம் மாறியபின்பும் கிராங்க்கேஸ் அதேதான், எண் அதேதான். மகன் கேட்டது ஒரு சின்ன விஷயம்: பில்லின் தலைப்பில் 'மாற்றியமைத்தல்' என்று வேண்டாம், 'புதுப்பித்தல்' என்று இருக்கட்டும். ஜெர்மனிலும் அவை இரண்டு வேறு சொற்கள். எழுதிக் கொடுத்தேன். எண்ணும் பொய்யில்லை, உள்ளே பட்டியலும் பொய்யில்லை. அந்த ஒரு சொல்தான்.

முதல் ஓட்டம் முடிந்து வந்தவர் பிரமாதம் என்றார், இரண்டு தடவை. பிறகு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸீட்டில் சிறுவனாக உட்கார்ந்து போகும்போது, அப்பா காலை அழுத்திவிட்டு 'இப்போது' என்பாராம், வேகம் வருவதற்குச் சற்று முன்னால். இறங்கி, பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

கழற்றியதையெல்லாம் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்தோம். தீசியஸின் கப்பலில் கழித்த பலகைகளைச் சேர்த்து இன்னொருவன் ஒரு கப்பல் கட்டினால் எது அசல் என்று ஹாப்ஸ் கேட்டார். எங்கள் பெட்டியை வைத்து யாரும் எதையும் கட்டப் போவதில்லை. எடுத்துப்போகச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன், அவர் வரவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் வேறு. என் கவிதைகளைத் தொகுக்க ஒரு நண்பர் முன்வந்திருக்கிறார். 1986 என்று கீழே வருஷம் போட்ட ஒன்றில் நாலாவது வரி தடுமாறும். சொல்ல வந்தது அடுத்த வரியில்தான், தாமதமாக, மொத்தமாக வந்து விழும். அன்று எனக்கு எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது தெரியும். திருத்திவிட்டேன். இன்னொருவன் காரியமாவது, இது என்னுடையதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 1986இல் இருந்தவன் சம்மதம் தர இங்கில்லை. ஆடன் தன் புகழ்பெற்ற யுத்தகாலக் கவிதையில் 1945 தொகுப்புக்காக ஒரு பத்தியை வெட்டினார். 1966 தொகுப்பில் கவிதையையே விலக்கினார். இரண்டாவதில் நேர்மை அதிகம் என்றே எனக்குப் படுகிறது. அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

மெய்ப்பு மேஜைமேல் இருக்கிறது. வரி இப்போது தடுமாறவில்லை. கீழே 1986 அப்படியே நிற்கிறது.