வீட்டுத் தீயின் அளவு

பனிநாட்டில் குடியிருக்கும் ஒருவர், தம் வீட்டின் பேஸ்மென்ட்டில் இருபது ஆண்டுகளாக எரிந்து தேய்ந்துபோன ஃபர்னஸை அகற்றிவிட்டுப் புதியதொன்றை வைக்க முற்படும்போது, விலை என்ன, எந்தக் கம்பெனி, எத்தனை வருஷ உத்தரவாதம் என்னும் கேள்விகளே முதலில் எழுகின்றன, அவை எழவேண்டியவைதாம். ஆயினும் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில், ஒருவரும் வாய்விட்டுக் கேளாத மிகப் பழைய கேள்வியொன்று கிடக்கிறது. ஒரு குடும்பம் தனக்கென்று எவ்வளவு தீயை வைத்துக்கொள்ளலாம், அந்தத் தீ யார் பொருட்டு எரிய வேண்டும் என்பதே அது. இதை நான் தர்மசாஸ்திரத்தைச் சேர்ந்த கேள்வியாகவே கருதுகிறேன். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழும் டொரான்டோ வட்டாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சிந்திப்பது பொருத்தமாயிருக்கும். ஏனெனில் அக்கினியைச் சாட்சியாக வைத்துக் கைப்பிடித்துக்கொண்டு, தை மாசி மாதங்களில் உலையின்றி உயிர்தரிக்க இயலாத தேசத்தில் குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்களுள் பலர்.

வைதிக மரபில் இல்லறம் தீயோடு பிறந்தது. விவாகத்தின்போது வளர்த்த அக்கினியைத் தம்பதிகள் தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்று காக்க வேண்டுமென்றும், அதிலே காலையும் மாலையும் ஆஹுதி செய்ய வேண்டுமென்றும் கிருஹ்ய சூத்திரங்கள் விதித்தன. ச்ரௌத முறைப்படி வேள்வித்தீயை நிறுவும் ஆதானம் செய்துகொண்டவர்களோ கார்ஹபத்தியம், ஆஹவனீயம், தக்ஷிணாக்கினி என மூன்று தீயை ஓம்பினர். அவ்வாறு ஓம்பியவன் மரணமடைந்தால் அவன் உடலைத் தகிப்பதும் அவன் வாழ்நாளெல்லாம் பேணிய அந்தத் தீயே. இந்த விதிகளைப் படிக்குந்தோறும் என் மனத்தில் படிவது, வீட்டுக்காரன் அந்தத் தீக்கு உடைமையாளனாக வைக்கப்படாமல் ஊழியனாக வைக்கப்பட்டான் என்பதுதான். அதிலே பக்குவமான அன்னத்தைத் தேவர்க்கும் பிதிரர்க்கும் பிற உயிர்க்கும் வாயிலில் வந்து நின்ற அதிதிக்கும் பகிர்ந்த பின்னரே அவன் உண்ணலாம். குஜராத்தின் கடலோரத்தில் உத்வாடா என்னும் சிற்றூரில் 18ஆம் நூற்றாண்டு முதல் ஈரான்ஷா என்ற திருத்தீயைப் பாதுகாத்துவரும் பார்சி குருமாரும், நாளொன்றின் ஐந்து பொழுதிலும் விறகிட்டு அதற்கு ஊழியம் புரிகின்றனர். அந்தத் தீயின் எதிரில் குளிர்காய்வதற்கென்று ஒருவரும் போய் அமர்வதில்லை.

இதற்கு நேர்மாறான திசையிலிருந்து பேசியவர்கள் சமணர்கள். மண்ணும் நீரும் காற்றும் மரமும் போலவே தீயும் ஓரறிவுடைய உயிர்களின் உடம்பு என்பது அவர்கள் சித்தாந்தம். தேஜஸ்காயம் என்று அதற்குப் பெயரிட்டு, துறவியானவன் தீ மூட்டவும் கூடாது, அணைக்கவும் கூடாது, குளிருக்காக அதை நாடவும் கூடாது என்று விதித்தார்கள். மூட்டினால் ஒருவகை ஹிம்சை, அணைத்தால் மற்றொருவகை ஹிம்சை. இத்தனை கடுமையை இல்லறத்தார் எவரும் கைக்கொள்ள முடியாதெனினும், நெருப்பு என்பது விலையின்றிக் கிடைக்கும் சுகமன்று, ஒவ்வொரு சுவாலைக்கும் ஏதோ ஓர் உயிர் கூலி கொடுக்கிறது என்னும் அந்த உணர்வு, நிலக்கரியும் எண்ணெயும் இயற்கை வாயுவும் எரித்து வானத்தின் தன்மையையே மாற்றிவிட்ட நம் காலத்துக்கு எவ்வளவு தேவையானது! வைதிகர் தீயைக் கடமையாகக் கண்டனர். சமணர் தீயைக் கடனாகக் கண்டனர். இவ்விரு பார்வைகளையும் ஒருசேரத் தாங்கி நிற்க வேண்டியவர் இன்றைய வீட்டுக்காரர்.

பேஸ்மென்ட்டிலுள்ள அந்த வாயு உலையின் எதிரே ஒருமுறையாவது பொறுமையாக நின்று பார்த்தவர்களுக்கு அதன் நடத்தை வியப்பூட்டும். மேல்மாடிச் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் வெப்பம் வேண்டுமென்று சொன்னவுடனே தீ மூண்டுவிடுவதில்லை. முதலில் புகையை வெளியேற்றும் சிறு விசிறி சுழல்கிறது; புகைவழி அடைபடாமல் இருக்கிறதென்று அழுத்தமறியும் பொத்தான் உறுதி சொல்கிறது; அதன் பின்னரே பற்றவைக்கும் தண்டு மெல்லச் சிவந்து வெண்தழலாகிறது; பிறகு வாயுவின் கதவு ஒரு சிறு ஓசையுடன் திறக்க, நீலச் சுவாலைகள் வரிசையாகக் குழாய்களுக்குள் படுத்தபடி ஓடுகின்றன. அத்துடன் சோதனை முடிந்ததா என்றால், இல்லை. சுவாலையின் ஊடே மிக நுண்ணிய மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தி, தீ உண்மையாகவே எரிகிறதா என்று ஒரு மெல்லிய கம்பி பார்த்துக்கொண்டேயிருக்கிறது. அதன் சாட்சியம் கிட்டாவிட்டால் சில விநாடிகளில் வாயு நின்றுவிடும். இவையெல்லாம் ஒழுங்காக நடந்தேறிய பின்புதான் பெரிய விசிறி எழுந்து, வெம்மையேறிய காற்றைத் தகரக்குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்புகிறது. இந்த யந்திரத்துக்குப் பக்தியுண்டென்று சொல்ல நான் முற்படவில்லை; அதற்குக் குங்குமமிட்டுப் பூசை செய்வதாலும் ஒன்றும் விளையாது. ஆனால் தீயை மூட்டுமுன் இத்தனை நிபந்தனைகளை விதித்த மனிதர்கள், தீயினிடத்தே அஞ்சத்தக்க ஒன்று உண்டென்பதை அறிந்தவர்கள். பழைய வேள்விச்சாலையின் நியமங்களுக்குப் பின்னாலும் அந்த அச்சந்தான் இருந்தது.

இனி அளவுக்கு வருவோம். விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எத்தனை பெரிய உலை வேண்டுமென்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுவரின் பரப்பு, ஜன்னல்களின் தன்மை, கூரையடியில் இட்ட காப்புப் பஞ்சின் தடிப்பு, இடுக்குகளில் கசியும் காற்று ஆகியவற்றையெல்லாம் அளந்து, அந்த வீடு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறதென்று கணக்கிடும் முறை உண்டு. கனடாவில் எஃப்-280 என்றும், அமெரிக்காவில் மேனுவல் ஜே என்றும் அதை வழங்குகின்றனர். ஆயினும் நடைமுறையில் பலர் இதைச் செய்வதில்லை. பழைய உலையின் தகட்டில் வெப்ப அளவு ஒரு லட்சம் பிடியூ என்றிருந்தால் புதியதும் ஒரு லட்சமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். இடையில் ஜன்னல்கள் மாறியதையும் கூரைக்குக் காப்பு இட்டதையும், இப்போது பாதியளவே போதுமாயிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிதாயிருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் வாங்குபவருக்கும் இருக்கிறது, விற்பவருக்கும் இருக்கிறது.

ஆனால் மிகையான உலை வீட்டுக்குச் சுகம் தருவதில்லை. அது மூண்டவுடன் தெர்மோஸ்டாட் இருக்கும் கூடத்தை மளமளவென்று சூடாக்கிவிட்டு, தூரத்து அறைகள் வெம்மை பெறுமுன்பே அணைந்துவிடுகிறது. சற்றைக்கெல்லாம் மறுபடி மூள்கிறது, மறுபடி அணைகிறது. இப்படி ஓயாது மூண்டும் அணைந்தும் தன் உறுப்புகளைத் தானே தேய்த்துக்கொள்கிறது. பசியில்லாதவனுக்கு அண்டா நிறையச் சோறு வடித்தாற்போலத்தான் அது. சரியளவான உலையோ கடுங்குளிர் நாளில் இடைவிடாது, அமைதியாக, நெடுநேரம் எரிகிறது. கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் உணவுக்கும் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் முயற்சிக்கும் யுக்தமான அளவைப் பகவான் கூறுகிறார். மிகையும் குறையும் ஒருங்கே யோகத்துக்குப் பகை என்பது அங்கே கருத்து. பொறியியலாளரின் கணக்கு அந்த உபதேசத்தை அறியாமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியுண்டாகிறது.

அந்தக் கணக்கினுள்ளே தத்துவ விசாரம் செய்பவர் நின்று பார்க்கத்தக்க நுட்பம் இன்னொன்றும் உண்டு. உலையை எந்தக் குளிருக்காக அமைப்பது? நூறாண்டில் ஒரு நாள் வரக்கூடிய குளிருக்காகவா? இல்லை. ஜனவரி மாதத்து மணிகளில் நூற்றுக்கு 2.5 பங்கு மட்டுமே எந்த வெப்பநிலைக்குக் கீழே போகின்றனவோ, அந்த வெப்பநிலையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். டொரான்டோ வட்டாரத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 18 முதல் 20 பாகை. ஜனவரியில் 744 மணி நேரம் உண்டாதலால், சராசரியாகப் பத்தொன்பது மணி நேரம் மட்டும் குளிர் கணக்கை மீறும். அந்த மணிகளில் வீட்டுச் சூடு ஓரிரு பாகை குறையலாம்; அப்போது கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கினுள் பொதிந்த ஒப்புதல். எல்லாத் துன்பத்தையும் முன்கூட்டியே விலைகொடுத்து ஒழித்துவிட வேண்டும் என்று துடிக்கும் மனத்துக்கு இது ஒவ்வாது. ஆனால் அந்தப் பத்தொன்பது மணி நேரத்தின் பயத்துக்காக எஞ்சிய குளிர்காலம் முழுவதும் மிகையான தீயை வளர்ப்பது, தேவைக்கு மேல் கொள்ளாமையை அபரிக்கிரகம் என்று பெரியோர் போற்றினார்களே, அதற்கு முற்றிலும் விரோதமானது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அது நியாயமான மறுப்பு. யாழ்ப்பாணத்து வெயிலில் அறுபது வருஷம் வாழ்ந்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த தாய்க்கு, மற்றவர்க்கு இதமான 20 பாகை நடுக்கமாக இருக்கிறது. அவரிடம் போய் அபரிக்கிரகம் பேசுவது இரக்கமற்ற செயலல்லவா? உண்மை. அளவு என்று நான் சொல்வது எல்லார்க்கும் ஒரே எண்ணை அல்ல. வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளைத் தொகுத்தபோது பிதிரரையும் தெய்வத்தையும் விருந்தினரையும் சுற்றத்தாரையும் முன்னே நிறுத்தித் தன்னை ஐந்தாவதாகக் கடைசியில் நிறுத்தினார். தெர்மோஸ்டாட்டை எந்தப் பாகையில் வைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தெரியவில்லை. அவ்வீட்டில் எவருக்குக் குளிர் அதிகம் உறைக்கிறதோ அவர் இருக்கும் அறையே அளவுகோல். வீட்டுக் கடன் கட்டுகிறவருடைய சௌகரியம் அதற்குப் பிற்பட்டது.

இந்த விதி மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் பேஸ்மென்ட். டொரான்டோ வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவது வெகு சாதாரணம்; புதிதாக வந்திறங்கிய மாணவரோ, கைக்குழந்தையுடன் கூடிய இளந்தம்பதியோ அங்கே குடியிருப்பர். உலை அவர்கள் பக்கத்திலேயே முழங்குகிறது. ஆனால் அதை ஆளும் தெர்மோஸ்டாட் மேலே வீட்டுக்காரரின் கூடத்தில் இருக்கிறது. சூடான காற்றைக் கீழே விடும் துவாரங்கள் பெரும்பாலும் விதானத்தில் இருப்பதால், அது மேலேயே தங்கித் தரை குளிர்ந்தே கிடக்கிறது. தீயின் அருகே வாழ்ந்தும் தீயின்மேல் அதிகாரமில்லாத நிலை! நியூஜெர்சியில் வாழ்ந்த ஆலிஸ் பார்க்கர் என்னும் பெண்மணி 1919இல் வாயுவால் இயங்கும் வீட்டுச் சூடேற்றிக்குக் காப்புரிமை பெற்றபோதே, வீட்டின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு எரிகலங்களை வைத்துத் தனித்தனியே ஆளும் யோசனையை அதில் எழுதியிருந்தார். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும், உலையை மாற்றும்போது கீழ்த்தளத்துக்கெனத் தனி வலயமும் தனித் தெர்மோஸ்டாட்டும் வைக்கலாமே என்ற பேச்சு எழுந்தால், அது வீண்செலவென்று தள்ளப்படுவதைக் கேட்கும்போது வருத்தமாயிருக்கிறது. அதிதியின் இடத்தில் இன்று நம் வீட்டில் இருப்பவர் கீழே குடியிருப்பவரே.

தீயின் மூச்சைப்பற்றியும் சொல்ல வேண்டும். வாயு அரைகுறையாக எரிந்தால் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது; இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தை இருநூறு மடங்கிற்கும் மேலான பற்றுடன் அது கைப்பற்றிக்கொள்கிறது. 2008இல் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில், கணப்பின் புகைவழி அடைபட்டதால் பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே மாண்டது. அவர்கள் பெயர் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறிய பிறகே, அம்மாகாணத்தில் எரிபொருள் சாதனமுள்ள பழைய வீடுகளிலும் உறங்குமிடத்தருகே அபாயமணி கட்டாயமாயிற்று. பேஸ்மென்ட்டில் உறங்குபவர் அருகே அந்த மணி இருக்கிறதா என்று பாராமல் புதிய உலைக்கு விலை பேசுவது அதர்மம்.

புதிய உலைகள் தீயைக் கிட்டத்தட்ட முழுமையாகவே பயன்கொள்கின்றன. 2019 முதல் கனடாவில் விற்கும் வாயு ஃபர்னஸ்கள் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 95 பங்கையாவது வீட்டுக்குத் தரவேண்டுமென்பது சட்டம். புகையோடு போகும் நீராவியையும் குளிர்வித்து அதன் வெம்மையைப் பறித்துக்கொள்வதால், உலையின் அடியிலிருந்து மெல்லிய குழாய் வழியே நீர் சொட்டுகிறது. பூதங்களின் உற்பத்தி வரிசையில் தீயை அடுத்து நீரை வைத்த தைத்திரீய உபநிஷதத்தைப் படித்தவர்கள் அந்தச் சொட்டுகளைச் சற்றுநேரம் பார்த்து நிற்பார்கள்.

ஆனால் இப்போது தீயே இல்லாமல் வீட்டைச் சூடாக்கும் சாதனமும் வந்துவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே 273 பாகைவரை இறங்கினாலன்றி எந்தக் காற்றும் முற்றிலும் வெப்பமற்றதாவதில்லை. பனிக்காற்றினுள் ஒளிந்துள்ள வெப்பத்தைத் திரட்டி உள்ளே கொணரும் ஹீட் பம்ப்பை இன்று உலைக்குப் பதிலாகவும், உலையைத் துணையாக வைத்துக்கொண்டும் பொருத்துகிறார்கள். சூடேற்றுவதற்கு எதையும் எரிக்காத இல்லத்தில் கிருஹ தர்மம் எங்கே தங்கும் என்று ஒருவர் கேட்கலாம். சமணமுனிவர் மகிழக்கூடிய இல்லம் அது என்பதில் ஐயமில்லை. எனினும் கடன் தீர்ந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. ஒன்டாரியோவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணுவுலைகளிலிருந்தும், அடுத்தபடியாக நயாகரா முதலிய நீர்மின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. அந்த அணுவுலைகளின் கழிவை இன்னும் பிறவாத தலைமுறைகள் காத்துக்கிடக்க வேண்டும். சுவாலை வீட்டைவிட்டுப் போய்விட்டாலும் அதை ஓம்பும் கடமை எங்கோ ஒருவர் தலையில் இருந்துகொண்டேயிருக்கிறது. ஆகையால் ஹீட் பம்ப்புக்கும் அளவு பார்த்தே ஆகவேண்டும், முதலில் சுவருக்கும் கூரைக்கும் காப்பிட்டு வீட்டின் பசியைக் குறைத்தே ஆகவேண்டும்.

இவ்வளவையும் நிதானமாக எண்ணிப் பார்க்க ஒரு காலம் வேண்டும். பழைய உலை ஜனவரி நள்ளிரவில் நின்றுபோய், குழந்தைகள் நடுங்க, தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டு தொலைபேசியில் கெஞ்சும் மனிதரிடம் எவரும் விவேகத்தை எதிர்பார்க்க முடியாது. வண்டியில் எந்த உலை இருக்கிறதோ அதையே அவர் வாங்குவார். ஆதலின் பதினைந்து வருஷம் கடந்த உலையுள்ளவர்கள் வைகாசி ஆனி மாதங்களிலேயே, ஜன்னல்கள் திறந்திருக்கும்போதே, விலைசொல்ல வருகிறவர்களிடம் வெப்பஇழப்புக் கணக்கை எழுத்தில் தரச்சொல்லி, மேலே இருக்கும் முதியவரையும் கீழே குடியிருப்பவரையும் அழைத்து உட்காரவைத்து, போன குளிர்காலத்தில் எந்த அறையில் எவருக்குக் குளிர்ந்தது என்று கேட்டறிந்து, அதன் பிறகு கையெழுத்திடலாம்.