ஆடுகளத்தில் பண்பும் விசுவாசமும்

கிறிஸ்தவப் பள்ளிகள் பலவற்றில், விளையாட்டுப் பரிசளிப்பின்போது வெற்றிக் கோப்பைகளோடு நற்பண்புக்கென்றும் ஒரு பரிசு தரப்படுகிறது. அமெரிக்காவின் தனியார் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளிகளில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கும். அணியில் பண்பிலும் விசுவாசத்திலும் சிறந்தவர் என்று ஒரு மாணவரைப் பயிற்சியாளர் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டுவார். ஓட்டத்தைக் கடிகாரம் அளந்துவிடும், கோல்களை நடுவர் எண்ணிவிடுவார். ஒரு மாணவரின் விசுவாசத்தை யார், எதைக் கொண்டு அளப்பது?

விளையாட்டைத் திருச்சபை தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கொரிந்துவுக்கு அருகே நடந்த இஸ்த்மிய விளையாட்டுகள் அந்நகர மக்களுக்கு நன்கு தெரிந்தவை. ஆகவே பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில், வாடிப்போகும் கிரீடத்துக்காக ஓட்டக்காரர்கள் உடலை அடக்கிப் பழகுவதை எடுத்துக்காட்டாக வைத்தார். ஆனால் அவர் பேசியது ஆன்மிக ஒழுக்கத்தைப் பற்றி. ஓடினால் பக்தி வளரும் என்று அவர் சொல்லவில்லை. ஏறத்தாழ கி.பி. 200இல் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அரங்கக் காட்சிகளை விட்டு விலகும்படி கிறிஸ்தவர்களை எச்சரித்தார். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அளவோடு விளையாடுவதும் ஒரு நற்குணமே என்று வாதிட்டார்.

விளையாட்டே குணத்தை உருவாக்கும் என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேரூன்றியது. ரக்பி பள்ளியைக் களமாகக் கொண்டு தாமஸ் ஹியூஸ் எழுதி 1857இல் வெளிவந்த 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' அதைப் பரப்பியது. இறையியல் பயின்ற ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் கூடைப்பந்தை உருவாக்கியது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில். அதே மரபில் வந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வுகள் துணைநிற்கவில்லை. ஏறத்தாழ 15,000 விளையாட்டு வீரர்களைச் சோதித்த உளவியலாளர்கள் புரூஸ் ஓகில்வியும் தாமஸ் டட்கோவும், விளையாட்டு குணத்தை வளர்க்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று 1971இல் எழுதினர். 1980களில் ஆய்வாளர்கள் பிரெண்டா பிரெடெமெயரும் டேவிட் ஷீல்ட்ஸும் இன்னொன்றைக் கண்டனர்: அன்றாட வாழ்வில் நியாயமாகச் சிந்திக்கும் இளைஞர்கள், களத்தில் இறங்கியதும் தன்னலத்துக்கு அதிக இடம் கொடுத்துச் சிந்திக்கிறார்கள். அப்படியானால் விளையாடிவிட்டதனால் மட்டும் பண்பு வந்துவிடாது. எது பாராட்டப்படுகிறது என்பதை மாணவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். பள்ளி ஆழ்ந்து யோசிக்க வேண்டியது அதைத்தான்.

எதைப் பாராட்டுவது என்பதற்கு மிக நல்ல முன்னுதாரணம் காஷ்மீரில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் படகணியின் சுக்கான் பிடித்து 1884 படகுப் பந்தயத்தில் வென்ற செசில் டிண்டேல்-பிஸ்கோ, 1890இல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு வந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் பண்டிதர்கள் எனப்படும் காஷ்மீரப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள். துடுப்புப் போடுவது படகோட்டிகளின் வேலை, தோல் பந்தைத் தொட்டால் தீட்டு என்று வளர்ந்தவர்கள். 1891இல் அவர் கால்பந்தை அறிமுகப்படுத்தியபோது, கம்பு பிடித்த ஆசிரியர்களைச் சுற்றி நிறுத்தி அவர்களை ஆடவைத்தார். அந்த வற்புறுத்தலையும், பண்டிதர்களைப் பற்றி அவர் எழுதியதில் தெரியும் ஏளனத்தையும் இன்று எந்தப் பள்ளியும் பின்பற்றக் கூடாது. கம்புக்கு அஞ்சி உதைத்த பந்தில் பண்பு ஏதும் இல்லை.

பின்பற்றத் தக்கது அவருடைய மதிப்பெண் முறை. அறிவு, உடல், ஆன்மா ஆகிய மூன்றுக்கும் மாணவருக்கு மதிப்பெண் உண்டு. ஆசிரியரிடமும் சக மாணவரிடமும் ஊராரிடமும் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது மூன்றாவதில் சேரும். விளையாட்டிலும் மிகச் சிறந்தவருக்கே பரிசு என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. முயன்று பாடுபட்டவருக்கு மதிப்பெண் கொடுத்தார். வலியவர்களையே பாராட்டிக்கொண்டிருந்தால் எளியவர்கள் முயற்சியைக் கைவிட்டுவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். களத்தில் பெற்ற வலிமை ஊருக்குப் பயன்பட வேண்டும் என்று கேட்டார். நீந்தக் கற்றவர்கள் வெள்ளத்திலும் ஏரியிலும் உயிர்களைக் காத்தார்கள். படகோட்டக் கற்றவர்கள் மருத்துவமனை நோயாளிகளை ஏரிக்காற்று வாங்க அழைத்துச் சென்றார்கள். தீ விபத்துகளில் உதவவும் ஓடினார்கள். இவர்களில் மிகச் சிலரே திருமுழுக்குப் பெற்றனர், அதற்காக அவர் விமர்சனத்துக்கும் ஆளானார். ஆனால் கிறிஸ்துவின் போதனை கேட்கும் இரக்கம் அந்த இந்து, முஸ்லிம் மாணவர்களின் கைகளில் செயலாக வெளிப்பட்டதை மறுப்பதற்கில்லை.

விசுவாசத்தை அளப்பது ஏன் கடினம் என்பதற்கு ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடலின் வாழ்க்கை சான்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அவர் ஓட மறுத்தார். 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து 47.6 விநாடிகளில் தங்கம் வென்றார். உலகம் அறிந்த கதை இது. பின்னர் சீனாவில் மிஷனரியாகப் பணிபுரிந்த அவர், 1943இல் ஜப்பானியரின் வெய்ஷியன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுகள் நடத்தினார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களே ஹாக்கி ஆடப்போய் அது அடிதடியில் முடிந்தது. அதன்பின் அவரே ஞாயிற்றுக்கிழமையும் நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்தார். பாரிஸில் ஓட மறுத்ததும் முகாமில் ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவராக நின்றதும் ஒரே விசுவாசத்திலிருந்து வந்தவை. ஓய்வுநாள் ஆசரிப்பை அளவுகோலாக வைத்த பள்ளி முதல் லிடலுக்குப் பரிசு கொடுத்து, இரண்டாவது லிடலின் பெயரை அடித்திருக்கும். பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைத் தடுக்கத் தன் நெடுநாள் வழக்கத்தையே விட்டுக்கொடுத்தவர் அந்த இரண்டாவது லிடல்தான்.

வேறொரு சிக்கலும் உண்டு. மலைப்பிரசங்கத்தில் இயேசு, மனிதர் காணும்படி ஜெபிப்பதையும் தர்மம் செய்வதையும் கண்டிக்கிறார். அதே பிரசங்கத்தில், நற்செயல்களைக் கண்டு மனிதர் பிதாவை மகிமைப்படுத்தும்படி ஒளி வீசச் சொல்கிறார். ஆட்டத்துக்குமுன் முழங்காலிட்டு ஜெபிக்கும் மாணவரின் பக்தி உண்மையானதாகவே இருக்கலாம். அதற்குக் கோப்பை என்று அறிவித்துவிட்டாலோ, அடுத்த ஆண்டு முழங்காலிடுபவர்களில் எத்தனை பேர் கோப்பைக்காக முழங்காலிடுகிறார்கள் என்று பயிற்சியாளருக்கே தெரியாது. பரிசு பெற்ற மாணவருக்கும் அது கெடுதல். பதினாறு வயதில் விசுவாசத்தில் சிறந்தவர் என்று மேடையில் அறிவிக்கப்பட்டவர், பிறகு எழும் சந்தேகங்களை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பார். ஆகவே விசுவாசத்துக்கென்று தனிப் பரிசு வைக்காமல் இருப்பதே நல்லது.

பரிசு செயலுக்கு இருக்கட்டும். நடுவர் கவனிக்காத தவறைத் தானே ஒப்புக்கொண்டு புள்ளியை இழந்தவர், எதிரணி வீரர் விழுந்தபோது பந்தை விட்டுவிட்டு அவரைத் தூக்கிவிட்டவர், ஆண்டு முழுக்க மாற்று ஆட்டக்காரராகவே உட்கார்ந்திருந்தும் பயிற்சிக்குத் தவறாமல் வந்தவர் என்று, செய்தவருக்கு ஏதாவது இழப்பு நேர்ந்த செயல்களைத் தேட வேண்டும். யார் என்ன செய்தார், எந்த ஆட்டத்தில் செய்தார் என்று சான்றிதழில் எழுத வேண்டும்; 'சிறந்த பண்பாளர்' என்ற பொதுச்சொல் எதையும் கற்றுத்தராது. தேர்வைப் பயிற்சியாளர் மட்டும் செய்தால் அவருக்கு முன்னால் நடந்தது மட்டுமே கணக்கில் வரும். சக வீரர்கள், எதிரணியினர், மைதானப் பணியாளர் ஆகியோரையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் கிறிஸ்தவப் பள்ளிகள் பலவற்றில் இந்து, முஸ்லிம் மாணவர்களும் பெருமளவில் படிக்கிறார்கள். பரிசு செயலுக்குரியதாக இருக்கும்போது அவர்கள் பெயரும் இயல்பாகவே பட்டியலில் வரும், பள்ளியும் தன் வேதத்தை மறைக்க வேண்டியதில்லை.