தோகை போன வழி

காலை ஆறு மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் கால் வைத்தால், 'மெஜஸ்டிக், மெஜஸ்டிக்' என்ற கூவல்தான் முதலில் காதில் விழும். பெங்களூருவில் அந்தப் பெயரில் ஒரு சினிமா கொட்டகை இருந்தது. இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் அந்த வட்டாரத்தின் பெயராக ஒட்டிக்கொண்டு, தினமும் பேருந்தில் எல்லை தாண்டி வந்துபோகிறது. ஷிப்டுக்கு ஓடுகிற பிள்ளைகள் எவரும் அந்தக் கொட்டகையைப் பார்த்ததில்லை.

பொருள் போனபின்னும் நிற்கிற இப்படிப்பட்ட சொற்களைத் தடயமாகப் பிடித்துக்கொண்டு போனவர் ஹைம் ராபின். 1915-ல் ஜெர்மனியில் பிறந்த யூதர். ஆக்ஸ்போர்டில் எபிரேயம் கற்பித்தார். 1956-ல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சாக்கடல் சுருள்களை ஆராய்ந்து மறு ஆண்டே நூல் போட்டார். அதிலேயே ஆயுளைக் கழித்திருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எபிரேய வேதத்தில் ஒட்டாமல் நின்ற சில அயல்சொற்கள் அவரைத் தமிழ்நாடு வரை இழுத்து வந்தன.

சாலொமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த சரக்கில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, கூடவே 'துக்கி'. தமிழ் பைபிளில் அது மயில். நம் 'தோகை'தான் அது என்று 1856-லேயே கால்டுவெல் எழுதிவிட்டார். ராபின் ஒரு படி மேலே போய், இத்தகைய கடன்சொற்களையே தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையே நடந்த வணிகத்தின் சாட்சியாக நிறுத்தினார். 1968 சென்னை உலகத் தமிழ் மாநாட்டுக் கருத்தரங்கத் தொகுப்பில், 1971-ல், அந்தக் கட்டுரை அச்சாயிற்று. எல்லா அறிஞரும் இதை ஒப்பவில்லை. மேடையில் கைதட்டு வாங்கத் 'துக்கி'யைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

ஓசூர் இருக்கும் நம் மாவட்டத்திலும் மயில் பெயரில் ஓர் இடம் உண்டு: பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். சாலொமோன் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியவர். இரும்புக்கு வயது சொல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அந்தப் பாறைக்கு மயிலின் பெயரை எவர், எப்போது வைத்தார் என்பது எவ்வளவு தோண்டினாலும் அகப்படாது. ராபின் போன்றவர்களின் பிழைப்பே அந்த இடத்தில்தான்.

இன்று எருசலேம் கடைத்தெருவில் 'துக்கி' என்று கேட்டால் கிளியைக் காட்டுவார்கள். மயிலுக்கு அவர்கள் கிரேக்கத்தின் வழியாக வேறொரு சொல்லை வாங்கிக்கொண்டார்கள்.