நாக்குக் கூசட்டும், கேள்!

கையில் எஸ்டிமேட் தாள், காலடியில் கூடை, கூடைக்குள் இரண்டு கிலோகூடத் தேறாத நாட்டு நாய்க்குட்டி. கால்நடை மருத்துவமனை வராந்தாவில் அப்படி நின்றுகொண்டிருக்கிறாயே தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். தலையை நிமிர்த்து. அழுவதற்கு இப்போது நேரமில்லை.

குட்டிக்கு என்ன என்பதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார். முதலில் பார்வோ வந்தது. 1978-வாக்கில் உலகெங்கும் பரவத் தொடங்கிய அந்த வைரஸ், தடுப்பூசி போட்டு முடியாத குட்டிகளைத்தான் தேடிப் பிடிக்கிறது. ரத்தப்பேதி, வாந்தி, ட்ரிப்ஸ். ராத்திரியெல்லாம் மடியில் வைத்துக் காத்தாய். எழுந்து உட்கார்ந்தது, கஞ்சி நக்கியது. பிறகு மறுபடி வாந்தி. ஸ்கேனில் பார்த்தால் குடலுக்குள் குடல் செருகிக் கிடக்கிறது. பேதியில் தாறுமாறாகத் துடித்த குடலுக்கு இப்படி நேர்வதுண்டு. செருகிய பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றால் அது அழுகும். வயிற்றைத் திறந்து குடலை விடுவிக்க வேண்டும். செத்துப்போன துண்டு இருந்தால் வெட்டியெடுத்துவிட்டு, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஊசி மருந்துக்கு அடங்கும் நோயில்லை இது. சம்பளத் தேதி வரைக்கும் பொறுக்காது.

தாளில் எழுதியிருக்கும் தொகை உன் மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. தாண்டட்டும்! அந்தப் பணம் உன் ஒருத்தியின் பையில் இல்லை, அவ்வளவுதான். உனக்குத் தெரிந்தவர்களின் பைகளில் இருநூறாகவும் ஐந்நூறாகவும் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டவிடாமல் உன்னைப் பிடித்து இழுப்பது உன் கூச்சம்.

யாரிடமும் போய் நிற்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நல்ல வளர்ப்புதான். வள்ளுவரே இரவச்சம் என்று ஓர் அதிகாரம் எழுதி, பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால்கூட நாக்குக்கு அதைப்போல் இழிவு கிடையாது என்கிறார். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் எதை எடுத்துக்காட்டினார் என்று கவனி. கேட்பதிலேயே மிக நியாயமானது எது என்று தேடியவருக்கு, ஒரு வாயில்லாத உயிரின் தாகம்தான் கண்ணில் பட்டது. அதற்காகக் கேட்டாலும் கூசும் என்றார். உண்மை, கூசும். அதற்கு முந்தைய அதிகாரத்தின் பெயர் இரவு. ஒளிக்காத நெஞ்சும் கடமை உணர்வும் உள்ளவர் முன் நின்று கேட்பதற்கும் ஓர் அழகு உண்டு என்று அங்கே சொல்கிறார். இரண்டையும் படித்தவளாக நடந்துகொள். ஆளைத் தேர்ந்தெடு. கூசக் கூசக் கேள். கூச்சம் போன பிறகு கேட்கலாம் என்று காத்திருந்தால் அதற்குள் குடல் அழுகிவிடும்.

"உன் நாய்கூட இல்லையே, ஃபாஸ்டர்தானே? எடுத்த இடத்திலேயே விட்டுட வேண்டியதுதானே?" இதைச் சொல்ல உன் வீட்டிலேயே ஆள் இருக்கும். அவர்களுக்கு ஆபுத்திரன் கதையைச் சொல். மணிமேகலையில் வருகிறானே, பெற்றவள் போட்டுவிட்டுப் போன குழந்தை. ஏழு நாள் ஒரு பசு வந்து நக்கிப் பாலூட்டிக் காத்தது. அந்தப் பசுவுக்கு அவன் யார்? வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டிவைத்திருந்த வேறொரு பசுவை அவன் அவிழ்த்துக்கொண்டு ஓடினான். பிடித்து அடித்தார்கள். வளர்த்தவனே வீட்டைவிட்டுத் துரத்தினான். பிச்சைக்குப் போன இடத்திலெல்லாம் ஆவைத் திருடியவன் என்று பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவன் நிறுத்தினானா? மதுரைக்குப் போனான். வீடு வீடாக ஏந்தினான். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், நோயாளி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தின்றுவிட்டு, அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்குத்தான் வந்தது. பிறருக்காக ஏந்தி ஏந்திப் பழகிய கை அது. உன் பாத்திரத்திலும் கல் விழும். எடுத்துக் கீழே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நட!

"மனுஷனுக்கே வழியில்லை, நாய்க்கு ஆபரேஷனா?" என்பார்கள். அவர்களோடு வாதாடாதே, நேரம் குட்டியினுடையது. ஆனால் உனக்குள் ஒன்று தெளிவாக இருக்கட்டும். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று என்று 1976 முதல் இந்த நாட்டின் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அதற்கும் முன்பே, சென்னையிலிருந்து போன ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சிதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். பேச முடியாதவற்றுக்காக வாய் திறந்தவர்களின் வரிசையில் நீ கடைசி ஆள். கடைசி ஆளுக்கு என்ன பயம்?

சரி, எப்படிக் கேட்பது? நூறு குழுக்களில் ஃபார்வர்டு போட்டுவிட்டு யாரும் உதவவில்லையே என்று உட்காராதே. எல்லோரிடமும் கேட்டால் யாரிடமும் கேட்டதாக ஆகாது. பெயர் சொல்லிக் கூப்பிடு. "அண்ணா, ஐந்நூறு ரூபாய் வேணும், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள" என்று தொகையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல். போலிப் படம் போட்டுப் பணம் பறித்தவர்கள் இருக்கிறார்கள்; ஜனங்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. அந்தச் சந்தேகத்துக்கு முன்னால் நீ கண்ணாடி மாதிரி நில். எஸ்டிமேட்டைப் படமெடுத்துப் போடு. முடிந்தவரை பணம் மருத்துவமனைக் கணக்குக்கே நேராகப் போகட்டும். உன் யுபிஐக்கு வந்ததை வரிசையாக எழுதிவை, தினமும் ராத்திரி போடு. இலக்கு நிரம்பியதும் "போதும், நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று எழுது. அந்த ஒரு வரிக்கு இருக்கும் மரியாதை அடுத்த குட்டிக்கும் கைகொடுக்கும்.

மருத்துவரிடமும் கேள்! முன்பணம் இவ்வளவு, மீதி தவணையில் தரலாமா என்று கேள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி, தனியார் இடங்களைவிடச் செலவு குறைவு; அங்கே உடனே செய்ய முடியுமா என்று விசாரி. பேதியில் ரத்தம் குறைந்திருந்தால் ரத்தம் ஏற்றவும் வேண்டியிருக்கும். நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு. பணம் தர முடியாதவர்களை விட்டுவிடாதே. ஒருவர் கார் தருவார், ஒருவர் ராத்திரிக் காவல் இருப்பார், ஒருவர் கொழுகொழுவென்று வளர்ந்த தன் நாயை ரத்தம் கொடுக்கக் கூட்டிவருவார். அத்தனைக்கும் உன் வாய் திறக்க வேண்டும்.

குட்டி பிழைக்காமலும் போகலாம். தைத்த குடல் கசியும் அபாயம் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை அதிகம். அந்த நாட்களில் யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்காதே. காய்ச்சல் இருந்தால் இருக்கிறது என்று எழுது. போய்விட்டால் அன்றே சொல். கணக்கைக் காட்டு, மிச்சத்தைக் கொடுத்தவர்களிடம் கேட்டு இன்னொரு குட்டியின் தடுப்பூசிக்கு மாற்று. யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. அவர்கள் கொடுத்தது ஒரு வாய்ப்புக்கு. அந்த வாய்ப்பை நீ அந்தக் குட்டிக்கு வாங்கிக்கொடுத்துவிட்டாய்.

ஆனால் இப்போது அது மூச்சுவிடுகிறது. போனை எடு. ஸ்டேட்டஸ் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். உன் பழைய ஆபீஸ் மேனேஜர் வீட்டில் லாப்ரடார் இருக்கிறது என்றாயே, அவரிலிருந்து ஆரம்பி. எடுத்ததும் நலம் விசாரித்து நேரத்தைக் கடத்தாதே. தொகையைச் சொல்.